பேறுகாலத் தலைவலியும் மூளை நீரின் வடிகாலும்

பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் என்று மத்தூர்ப் பகுதியில் இன்றும் சிலர் கூறக் கேட்கிறோம். அக்கறையோடு காக்கப்படும் இப்பத்தியம் மூளைக்குத் தீங்காகக்கூடும் என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து தெளிந்த நீர் ஒன்று உள்ளது. பெரியவர்களிடம் ஏறக்குறைய 150 மி.லி. இருக்கும் இந்நீர், நாள்தோறும் சுமார் 500 மி.லி. புதிதாகச் சுரக்கிறது. சுரக்கும் அளவிற்கு வடியவும் வேண்டும். மூளையின் உள்ளறைகளில் ஊறும் நீர் மேற்பரப்பை அடைந்து, உச்சிமண்டைக்குக் கீழே ஓடும் பெரிய சிரையில் பெரும்பாலும் கலந்துவிடுகிறது. ஏரிக்கு மதகு போன்றது இச்சிரை.

உள்ளறைகளின் குறுகிய பாதை அடைபட்டால் நீர் தேங்கி அறைகள் விரியும். ஹைட்ரோசெபாலஸ் எனப்படும் மூளை நீர்த்தேக்கம் பெரும்பாலும் இவ்வாறு உண்டாகிறது. தேங்கிய நீரை வயிற்றுக்குள் வடிக்கும் ஷண்ட் குழாய் இதற்குரிய முக்கியச் சிகிச்சை. சிரையிலேயே இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது மற்றொரு வகை. அப்போது அறைகள் பெரும்பாலும் விரிவதில்லை. ஆயினும் நீரும் இரத்தமும் வடிய வழியின்றி மண்டைக்குள் அழுத்தம் ஏறும்.

பேற்றின்போது குருதியிழப்பைக் கட்டுப்படுத்த, இரத்தம் எளிதில் உறையும் தன்மையை இயற்கை தருகிறது. பேற்றுக்குப் பின்னும் சில வாரங்கள் அது நீடிக்கும். அக்காலத்தில் நீர்ச்சத்துக் குறைவும் இரத்தசோகையும் சேர்ந்தால் சிரை அடைப்புக்கான ஆபத்து கூடுகிறது.

நாளுக்கு நாள் மிகும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வு ஆகியன இதன் அறிகுறிகள். முதுகில் போட்ட மயக்க ஊசியால் வரும் தலைவலி படுத்தால் தணியும். அழுத்தத்தால் வருவது படுத்தால் கூடும். எதுவென்று வீட்டில் முடிவு செய்யலாகாது. வலிப்பை ஜன்னி என்று கருதி மந்திரித்துக் காத்திருத்தலும் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள்.

சாதாரண சி.டி. ஸ்கேனில் இவ்வடைப்பு சில வேளைகளில் புலப்படாது. சிரைகளைக் காட்டும் எம்.ஆர். வெனோகிராம் தேவைப்படலாம். ஆகவே கிருஷ்ணகிரிக்கோ ஓசூருக்கோ பெங்களூருக்கோ எங்கு அழைத்துச் சென்றாலும், பிள்ளை பெற்று எத்தனை நாளாயிற்று என்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள். இரத்த உறைவைத் தடுக்கும் ஹெபாரின் ஊசியைக் காலத்தே தொடங்கினால் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர்.

மருத்துவர் தடுத்திருந்தாலன்றி, பிள்ளை பெற்ற தாய்க்குத் தாகம் தீரத் தண்ணீர் கொடுங்கள். பாலூட்டும் தாய்க்கு அது இன்னும் மிகுதியாகத் தேவை.