பழைய தேவாலயங்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு பரிசோதனை

இங்கிலாந்துத் திருச்சபையின் பொறுப்பில் ஏறக்குறைய 16,000 தேவாலயங்கள் இருக்கின்றன. அவற்றில் 12,000க்கும் மேற்பட்டவை அரசின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இடம்பெற்றவை. பட்டியலின் முதல் தரத்தில் உள்ள கட்டடங்களில் ஏறத்தாழ பாதி தேவாலயங்களே. ஆனால் இவற்றைப் பராமரிக்கும் செலவை அந்தந்த ஊர்ச் சபையே பெரும்பாலும் சுமக்கிறது. எண்ணூறு ஆண்டுப் பழமையான கோபுரத்துக்குச் சில பத்துப் பேர் மட்டுமே பொறுப்பாளிகளாக இருக்கும் கிராமங்கள் பல. அவர்களுக்குக் கல்லைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ தனியறிவு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த அறிவு உள்ளவர்களை முறை வைத்து வரவழைக்கும் ஏற்பாடு அங்கே சட்டமாகவே இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு கசப்பான அனுபவம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கும் ஆர்வம் அந்நாட்டில் பரவியது. பிற்காலச் சேர்க்கைகளை இடித்துவிட்டு, ஒரே காலத்துப் பாணியில் ‘திருத்தி’க் கட்டினார்கள். பழைய சுவர்ப் பூச்சுகள் சுரண்டப்பட்டன. தேய்ந்த சிற்பங்களுக்குப் பதில் புதியவை வந்தன. இதை எதிர்த்துக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ், கட்டடக் கலைஞர் ஃபிலிப் வெப் முதலியோர் 1877இல் பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினர். அன்றாடம் கவனித்து, தேவையான அளவுக்கு மட்டும் பழுது பார்த்தால், பெரிய புதுப்பிப்புக்கே வேலை இருக்காது என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதம் 1955இல் திருச்சபைச் சட்டத்தில் நடைமுறை வடிவம் பெற்றது. ஒவ்வொரு தேவாலயத்தையும் ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது ஒரு கட்டடக் கலைஞர் ஆய்வு செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் விதித்தது. பின்னர் பட்டயக் கட்டட ஆய்வாளர்களும் (சர்வேயர்கள்) இப்பணிக்குத் தகுதி பெற்றனர். நம் ஊரில் சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர். இவர்களோ கட்டடத்தின் நிலையையும் பழுதையும் கண்டறியப் பயிற்சி பெற்றவர்கள். பிஷப்பின் ஆளுகைப் பகுதியான திருமண்டலத்தில் உள்ள ஆலோசனைக் குழுவைக் கலந்தாலோசித்து சபையே தனக்கான ஆய்வாளரை நியமிக்கிறது. பெரும்பாலும் ஒருவரே பல ஆண்டுகள் தொடர்வதால், போன முறை பார்த்த விரிசல் இம்முறை வளர்ந்திருக்கிறதா என்று அவரால் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

ஆய்வு கண்ணால் பார்த்துச் செய்யப்படுவது. கூரையையும் கோபுரத்தையும் தொலைநோக்கியால் பார்ப்பார். படியோ சிறிய ஏணியோ வைத்து எட்டக்கூடிய இடங்களுக்கு ஏறிப் போவார். ஓடு நகர்ந்திருக்கிறதா, ஈயத் தகடு கிழிந்திருக்கிறதா, அல்லது திருடு போயிருக்கிறதா, உத்தரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் மரம் மெத்தென்று ஆகியிருக்கிறதா, மரத்தூளைத் தள்ளிய வண்டுத் துளைகள் உண்டா என்று பார்ப்பார். சுவரில் பச்சைப் பாசி படிந்திருந்தால் அதற்கு நேர் மேலே உள்ள மழைநீர்க் குழாயைத் தேடுவார். சுவரை இடித்தோ தரையைப் பெயர்த்தோ பார்ப்பதில்லை. எட்ட முடியாத பகுதிகள் எவை என்பதையும் அறிக்கையில் குறிப்பார். மின் இணைப்பு, இடிதாங்கி போன்றவற்றுக்குத் தனி வல்லுநர்களின் சோதனையைப் பரிந்துரைப்பார்.

பழுதுகளைப் பட்டியலிடுவதோடு அறிக்கை நின்றுவிடுவதில்லை. உடனே செய்ய வேண்டியவை, ஓராண்டுக்குள் முடிக்க வேண்டியவை, அடுத்த ஆய்வுக்குள் முடிக்க வேண்டியவை, கவனித்து வந்தால் போதுமானவை என்று வேலைகளை வரிசைப்படுத்துகிறது. கையில் பணம் குறைவாக உள்ள சபைக்கு இந்த வரிசைதான் பெரிய உதவி. வாசலுக்கு வண்ணம் பூசுவதா, அடைத்துக்கொண்ட நீர்த்தாரையைச் சரி செய்வதா என்ற கேள்விக்கு அதில் தெளிவான விடை இருக்கும்.

பழுதின் மூலத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் தண்ணீரில்தான் போய் நிற்கும். கூரையோர நீர்த்தாரையில் இலைகள் அடைத்தால் மழைநீர் சுவரில் வழிகிறது. சுவருக்குள் இறங்கிய ஈரம் உத்தரத்தின் முனையை இற்றுப்போகச் செய்கிறது. அனுபவமில்லாதவர் கண்ணுக்கு உட்சுவரில் தெரியும் கறை மட்டுமே பழுதாகப் படும். அதன்மேல் வண்ணம் பூசிவிடுவார்.

தவறான மருந்தே நோயாவதும் உண்டு. இந்தச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டவை. அது கல்லைவிட மென்மையானது. சுவருக்குள் புகுந்த ஈரம் அந்த இணைப்புகளின் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். 20ஆம் நூற்றாண்டில் பல இடங்களில் உதிர்ந்த இணைப்புகளைச் சிமென்ட் வைத்து அடைத்தார்கள். சிமென்ட் ஈரத்தை விடாது. ஈரம் கல்லின் வழியாகவே வெளியேற வேண்டியதாகிறது. அப்போது உப்பு கல்லின் முகத்தில் படிகமாகிறது; குளிர்காலத்தில் நீர் உறைந்து விரிகிறது; கல் பொடிப் பொடியாக உதிர்கிறது. கடைசியில் சிமென்ட் வரப்புகள் மட்டும் துருத்தி நிற்க, நடுவே கல் குழிந்துபோகிறது. இணைப்பு தேயலாம், கல் தேயக் கூடாது என்பது பழைய கட்டடங்களை அறிந்தவருக்கு அரிச்சுவடி. சுண்ணாம்பு வேலைக்கு அவர் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆய்வாளர் சொல்லிவிட்டால் உடனே வேலையைத் தொடங்கிவிட முடியாது. நீர்த்தாரையைத் துப்புரவு செய்வது போன்ற சிறு பணிகளுக்கு அனுமதி தேவையில்லை; அதற்கு அடுத்த நிலைப் பணிகளுக்கு திருமண்டலத்தின் மூத்த குருவான ஆர்ச்டீக்கனின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். பெரிய மாற்றங்களுக்குத் திருச்சபை நீதிமன்றத்தின் அனுமதி கட்டாயம். ஆலோசனைக் குழு கருத்துச் சொல்லும். பொதுமக்கள் ஆட்சேபிக்க அவகாசம் தரப்படும். வேலையின் விவரக்குறிப்பைத் தயாரித்து இந்தப் படிகளைச் சபை கடக்கத் துணை நிற்பவரும் பெரும்பாலும் அதே ஆய்வாளர்தான்.

பேராலயம் போன்ற பெரிய ஆலயங்களில் இப்பொறுப்பு இன்னும் பழமையானது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் கட்டட மேற்பார்வையாளராகக் கிறிஸ்டோஃபர் ரென் 1698 முதல் 1723இல் மறையும் வரை இருந்தார். அந்தப் பதவியின் மதிப்பை நம் காலத்தில் உணர்த்தியது யார்க் பேராலயம். அதன் மேற்பார்வையாளர் பெர்னார்டு ஃபீல்டன் 1960களில் செய்த ஆய்வில், மையக் கோபுரம் அபாய நிலையில் இருப்பது தெரிந்தது. 15ஆம் நூற்றாண்டில் முடிந்த அந்தப் பாரமான கோபுரம், அங்கே முன்பிருந்த நார்மன் காலத் தேவாலயத்தின் அடித்தளத்தை நம்பி நின்றது; அடித்தளம் சீரின்றி அமிழ்ந்ததால் மேலே விரிசல்கள் விட்டன. 1967 முதல் 1972 வரை தூண்களின் அடியைத் தோண்டி, பழைய அடித்தளத்தைச் சுற்றிக் கான்கிரீட் வளையங்கள் அமைத்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் இறுக்கிப் பிணைத்தார்கள். தோண்டியபோது ரோமானியப் படைக்கோட்டையின் எச்சங்களும் கிடைத்தன. பின்னாளில் ஃபீல்டன், இந்தியாவின் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான ‘இன்டாக்’குக்காகப் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் கையேடு ஒன்றையும் எழுதினார்.

இப்பணிக்குப் பொதுவான கட்டடக் கலைப் பட்டம் மட்டும் போதாது. பழைய கட்டடப் பாதுகாப்பில் அனுபவத்தை நிரூபித்தவர்களுக்குக் கட்டடக் கலைஞர்களும் ஆய்வாளர்களும் தனித்தனி அங்கீகாரப் பதிவேடுகள் வைத்திருக்கிறார்கள். பெரிய மானியங்கள் தரும் அமைப்புகள் அத்தகைய அங்கீகாரத்தை எதிர்பார்க்கின்றன.

ஆனாலும் ஐந்தாண்டில் ஒரு நாள் வரும் வல்லுநரால் மட்டும் ஒரு கட்டடம் பிழைத்துவிடாது. இடைப்பட்ட காலத்துக்குச் சபையின் பொறுப்பாளர்களான சர்ச் வார்டன்களே பொறுப்பு. ஆண்டுதோறும் கட்டடத்தைப் பார்வையிட்டுச் சபைக் குழுவிடம் அவர்கள் அறிக்கை தர வேண்டும். செய்த வேலைகளையெல்லாம் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த முறை வரும் ஆய்வாளர் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் தொடங்குகிறார். இலையுதிர் காலம் முடிந்ததும் நீர்த்தாரையை வழித்துவிட ஆகும் செலவு சொற்பம். அதை விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் உத்தரத்தையே மாற்ற வேண்டிவரும். எந்த வேலையைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடவே கூடாது என்று உறுதியாகச் சொல்ல ஒருவர் இருப்பதே இந்த முறையின் முழுப் பயன்.