தெரு நாய்க்குட்டியை தத்து கொடுக்கப் போறீங்களா? 'யார் கேட்டாலும் கொடுத்துடலாம்' என்பது ஏன் ஆபத்து?

மதுரை நாகமலை புதுக்கோட்டைக்கு பக்கத்தில், சமணர் மலை அடிவாரத்தில் இருக்கிறது கீழக்குயில்குடி. தாமரைக்குளமும் அய்யனார் கோயிலும் பார்க்க வெளியூர் ஆட்கள் வந்துபோகும் ஊர். அங்கே ரோட்டோரம் கிடந்த ஒரு குட்டியை ஒரு குடும்பம் வீட்டுக்கு தூக்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெண் குட்டி, வயது இரண்டு மாதம் இருக்கும். "நிரந்தரமா வளர்க்க முடியாது, நல்ல வீடு கிடைக்கிற வரைக்கும் வச்சிருக்கோம்" என்கிறார்கள். இதைத்தான் 'ஃபாஸ்டர்', அதாவது தற்காலிக வளர்ப்பு என்கிறார்கள்.

குட்டியை காப்பாற்றியாச்சு. ஆனா சிக்கலே இனிமேதான்.

பெண் குட்டி என்றால் ஏன் தயக்கம்?

தத்து கேட்டு வரும் போன்களில் முதல் கேள்வி பெரும்பாலும் "ஆணா, பெண்ணா?" என்பதுதான். பெண் என்றதும் பலர் பின்வாங்கிவிடுவார்கள். குட்டி போடும் என்ற பயம். அந்த பயம் பொய்யும் இல்லை. பெண் நாய் ஆறு மாத வயதிலிருந்தே பருவத்துக்கு வரலாம். சினைக்காலம் சுமார் 63 நாள். அப்படியென்றால் மூன்று மாதத்தில் தத்து போன குட்டி, கருத்தடை செய்யாமல் விட்டால், தன் முதல் பிறந்தநாளுக்கு முன்பே தாயாகிவிடலாம். அந்த குட்டிகள் மறுபடி ரோட்டோரத்துக்கு வந்தால், நீங்கள் காப்பாற்றியதற்கு என்ன பலன்?

அதனால் "பெண் குட்டிதான், கருத்தடைக்கு நாங்களே கூட வந்து உதவி செய்றோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதி தயக்கம் அங்கேயே போய்விடும்.

உடனே கொடுத்துவிடலாமா?

வேண்டாம். தெருவில் கிடந்த குட்டிக்கு பார்வோ கிருமி தொற்றியிருந்தாலும் முதல் சில நாள் வெளியே தெரியாது. திடீரென சாப்பிடாமல் சுருண்டு படுக்கும், வாந்தி, ரத்தமாக பேதி. சிகிச்சை தாமதமானால் ஓரிரு நாளில் உயிர் போகும். இந்த கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், வாங்கிப்போன வீட்டில் ஏற்கெனவே தடுப்பூசி போடாத நாய் இருந்தால் அதற்கும் ஆபத்து. இரண்டு வாரமாவது வைத்திருந்து பார்ப்பதே பாதுகாப்பு. அதற்குள் பூச்சி மருந்தும் முதல் தடுப்பூசியும் போட்டுவிடலாம்.

ரேபிஸ் தடுப்பூசி பொதுவாக மூன்று மாத வயதில்தான் போடப்படும். அதுவரை வீட்டுக் குழந்தையை குட்டி விளையாட்டாக கடித்தாலோ கீறினாலோ "குட்டிதானே" என்று விடவே கூடாது. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு போகணும். மஞ்சள், சுண்ணாம்பு வைக்கும் பழக்கம் உயிருக்கே உலை.

வாட்ஸ்அப்பில் என்ன எழுதணும்?

"இன்னைக்குள்ள யாரும் எடுக்கலைன்னா திரும்ப ரோட்டுக்குத்தான்" என்று போடும் பதிவு வேகமாக பரவும். ஆனால் இரக்கத்தில் எடுத்தவர், குட்டி சோபாவை கடித்த முதல் வாரத்திலேயே திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். தெளிவான ஒரு படம், வயது, போட்ட ஊசி, குணம். இது போதும். இரவில் தனியாக விட்டால் அழுகிறதா? அதையும் எழுதுங்க. குழந்தைகளோடு பழகியதை நீங்கள் பார்க்கவில்லை என்றால் 'நல்லா பழகும்' என்று எழுதாதீங்க.

வாங்க வருபவரிடம் என்ன கேட்கணும்?

வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதம் இருக்கா? பொங்கலுக்கு ஊருக்கு போனால் நாயை யார் பார்ப்பாங்க? ராத்திரி எங்கே படுக்கும்? இந்த மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் வந்தால் அவர் ஏற்கெனவே யோசித்துவிட்டார் என்று அர்த்தம். முடிந்தால் வீட்டை ஒருமுறை நேரில் பாருங்க.

மதுரைப் பக்கம் "தோப்புக் காவலுக்கு வேணும்" என்று கேட்பவர்களும் உண்டு. எல்லாரையும் ஒதுக்கிவிட வேண்டாம். குடும்பமே தோப்பில் குடியிருந்தால், பகலெல்லாம் பூட்டிக்கிடக்கும் அபார்ட்மென்ட்டை விட அது நல்ல இடம். ஆள் இல்லாத தோப்பில் சங்கிலியில் கட்டி, ஒருவேளை சோறு வைப்பார்கள் என்றால் மட்டும் 'முடியாது' என்று சொல்லிவிடுங்க.

சட்டம் என்ன சொல்கிறது?

பட்டினியாலோ தாகத்தாலோ வாடும் நிலையில் விலங்கை கைவிடுவது, 1960-ம் ஆண்டின் மிருகவதை தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். இன்றைக்கு இரண்டு டீ, ஒரு வடை காசு! சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி குட்டியை கொடுக்க முடியாது.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ல் பிறப்பித்த உத்தரவில், தெருநாயை தத்தெடுக்க விரும்புபவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், அப்படி எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவரின் பொறுப்பு என்று கூறியது. நீங்கள் நேரடியாக கொடுக்கும்போதும் இதே பொறுப்பை ஒரு தாளில் எழுதி கையெழுத்து வாங்கலாம். 'வளர்க்க முடியவில்லை என்றால் எங்களிடமே திருப்பித் தருவேன்' என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும்.

கொடுத்த பிறகு?

புது வீட்டிலிருந்து குட்டி ஓடிவிடும் ஆபத்து முதல் சில நாட்களில் அதிகம். கேட் திறக்கும் நேரத்தில் கயிறு கையில் இருக்கணும். முதல் வாரம் ஃபாஸ்டர் வீட்டில் சாப்பிட்ட அதே சாப்பாட்டையே கொடுக்கச் சொல்லுங்க. பாலை ஊற்றி வயிற்றை கெடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

மூன்றாம் நாள் ஒரு போன், ஒரு மாதத்தில் ஒரு போட்டோ. குட்டிக்கு ஆறு மாதம் ஆகும் தேதியை உங்கள் போனிலேயே அலாரமாக வைத்துக்கொள்ளுங்க. அன்றைக்கு நீங்களே கூப்பிட்டு, "கருத்தடைக்கு டாக்டர்கிட்ட எந்த தேதி வாங்கலாம்?" என்று கேளுங்க.