நடுவர் இல்லை, கேமரா உண்டு

ஸ்கேட்போர்டில் பிரேக் கிடையாது, ஹேண்டில்பார் கிடையாது, காலைப் பிடித்துக்கொள்ள ஒரு வார்கூடக் கிடையாது. மேப்பிள் மரத்தின் ஏழு மெல்லிய தகடுகளை ஒட்டி அழுத்தி, இரு முனைகளையும் மேல்நோக்கி வளைத்த பலகை. அடியில் இரண்டு அச்சுகள், நான்கு சக்கரங்கள். வண்டி அவ்வளவுதான். இது வளர்ந்த காலத்தில் பெரும்பாலும் இதற்கென்று மைதானமும் இல்லை, புள்ளி போட நடுவரும் இல்லை. இந்த இரண்டு குறைகளையும் ஆடியவர்களே ஈடுகட்டிக்கொண்டார்கள். அந்த விளையாட்டின் ருசியே அதில்தான் இருக்கிறது.

முதலில் வண்டி. பலகைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் உலோகத் தாங்கிக்கு ‘ட்ரக்’ என்று பெயர். அதன் நடு போல்ட்டைச் சுற்றி அமுங்கி மீளும் வளையங்கள் இருக்கும். ஓட்டுபவர் ஒரு பக்கம் சாய்ந்தால் வளையம் அமுங்கும். ட்ரக் சரிவான கோணத்தில் பொருத்தப்பட்டிருப்பதால் முன் அச்சு சாய்ந்த பக்கமாகவும் பின் அச்சு அதற்கு எதிராகவும் திரும்பும். உடம்பின் சாய்வுதான் ஸ்டியரிங்.

1950களில் கலிஃபோர்னியாவில், கடலில் அலை எழாத நாட்களில் சாலையில் சர்ஃபிங் செய்து பார்க்கக் கிளம்பியதுதான் இதன் தொடக்கம். அன்றைய இரும்புச் சக்கரமும், பின்னால் வந்த களிமண் கலவைச் சக்கரமும் தரையைப் பற்றாது. சின்னக் கல் தட்டினாலும் வண்டி நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னே பறப்பார். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி பாலியூரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்ததும் நிலைமை மாறியது. 1976-77இல் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி. பல வீடுகளின் நீச்சல் குளங்கள் வறண்டு கிடந்தன. சான்டா மோனிகா பக்கத்து இளைஞர்கள் சுவர் ஏறிக் குதித்து அந்த வளைந்த கான்கிரீட் சுவர்களில் ஓட்டினார்கள்.

ஆட்டத்தைக் குளத்திலிருந்து தெருவுக்கு இறக்கிவிட்டது ‘ஆலி’ என்ற ஒரு தாவல். ஃபுளோரிடாவின் ஆலன் கெல்ஃபாண்ட் 1970களின் பிற்பகுதியில் இதை வளைந்த சுவரில் செய்தார்; 1980களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் சமதரைக்குக் கொண்டுவந்தார். கையால் தொடாமல், காலில் கட்டாமல், பலகை ஆளோடு சேர்ந்து எழும்புவது எப்படி? பின்காலால் பலகையின் வாலைத் தரையில் ‘டக்’கென்று அறைகிறார், முன்முனை மேலே எழுகிறது. அதே கணத்தில் எம்பிக்கொண்டே, முன்காலின் பக்கவாட்டைப் பலகை மேல் உரசி முன்னே தள்ளுகிறார். பலகையின் முதுகில் ஒட்டியிருக்கும் உப்புத்தாள் போன்ற ‘கிரிப் டேப்’ ஷூவைப் பற்றிக்கொள்ள, முன்முனை தணிந்து வால் மேலே வருகிறது. அந்தரத்தில் பலகை காலடியில் சமமாக நிற்கிறது. இந்த உரசலால்தான் இவர்களின் ஷூ ஓரிடத்தில் மட்டும் ஓட்டை விழுகிறது.

ஆலி கைவந்த பிறகு ஊரே மைதானம். படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, பூங்காவின் கல் பெஞ்சு என்று எல்லாம் ஆடுகளம். திண்டின் விளிம்பில் மெழுகைத் தேய்த்து, ட்ரக்கின் உலோகம் வழுக்கிப்போகும்படி செய்துகொள்கிறார்கள். கட்டட உரிமையாளர்களும் விடுவதில்லை. விளிம்பில் வரிசையாக உலோகக் குமிழ்களைப் பதித்துவிடுகிறார்கள். நல்ல இடத்துக்காக நாடு விட்டு நாடு போவதும் உண்டு. பார்சிலோனாவின் மக்பா அருங்காட்சியக முற்றம், அதன் வழவழப்பான தரைக்காகவே உலகெங்குமிருந்து ஆட்களை இழுக்கிறது. லண்டன் சவுத்பேங்கில், கலையரங்கின் அடித்தளத்தில் பல பத்தாண்டுகளாக ஆடிவந்த இடத்தில் கடைகள் கட்ட 2013இல் திட்டம் வந்தது. ஸ்கேட்டர்கள் போராடி, 2014இல் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார்கள்.

மைதானம் கிடைத்தது. நடுவர்? அந்த வேலையைக் கேமரா எடுத்துக்கொண்டது. 1984இல் ஸ்டேசி பெரால்டா தன் நிறுவனத்துக்காக எடுத்த ‘போன்ஸ் பிரிகேட் வீடியோ ஷோ’ கேசட்டுக்குப் பிறகு, ஒரு வித்தை வீடியோவில் பதிவானால்தான் கணக்கில் சேரும் என்றாகியது. 1995இல் வந்த சோனி விஎக்ஸ்1000 கேமரா இவர்களுக்கென்றே செய்ததுபோல அமைந்தது. மேலே கைப்பிடி இருந்ததால், ஒளிப்பதிவாளரும் இன்னொரு பலகையில் ஏறிக் கேமராவைத் தரையோடு தாழ்த்திப் பிடித்தபடி பின்தொடர முடிந்தது. மீன்கண் லென்ஸை மாட்டினால் ஐந்து படி பத்துப் படிபோலத் தெரியும்.

படம் எடுக்கத் தெரு கற்றுக்கொடுத்தது. பிஎம்எக்ஸ் சைக்கிள் பத்திரிகை ஒன்றில் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்த ஸ்பைக் ஜோன்ஸ், 1991இல் ‘வீடியோ டேஸ்’ என்ற ஸ்கேட்போர்டிங் வீடியோவை எடுத்தார். பின்னாளில் ‘ஹெர்’ படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கினார். அந்த வீடியோவில் ஆடிய ஜேசன் லீ நடிகரானார், மார்க் கான்சாலஸ் ஓவியரானார். எங்கே ஓட்டுவது, எந்தக் கோணத்தில் காட்டுவது, எந்த இசையில் வெட்டி ஒட்டுவது என்று எல்லாவற்றையும் தாங்களே முடிவுசெய்து பழகியவர்கள் கலைக்குள் போனதில் வியப்பில்லை.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங் முதன்முறையாக இடம்பெற்றது. 13 வயது ஜப்பானியச் சிறுமி மோமிஜி நிஷியா தங்கம் வென்றார். இப்போது முறையான மைதானமும் உண்டு, மதிப்பெண் போட நடுவர்களும் உண்டு. ஆனாலும் ‘திராஷர்’ என்ற ஸ்கேட்போர்டிங் பத்திரிகை 1990 முதல் ஆண்டுதோறும் சிறந்த ஸ்கேட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது, பெரும்பாலும் அவரது வீடியோவைத்தான் பார்க்கிறது, பதக்கத்தை அல்ல.