பழுது வால்விலா, வயரிலா?

டீசல் காரின் கருவிப்பலகையில் எஞ்சின் விளக்கு எரிந்து, பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்தியதும் பி0090 என்ற குறியீடு திரையில் தோன்றினால், எரிபொருள் அழுத்த ரெகுலேட்டர் போய்விட்டது என்று அங்கேயே தீர்ப்பு எழுதப்படுவது வழக்கமாகிவிட்டது. அதன்படி ரெகுலேட்டரும், சில வண்டிகளில் அது பம்போடு சேர்ந்தே வருவதால் உயர் அழுத்த பம்பும், பெருஞ்செலவில் மாற்றப்படுகின்றன. சில நாள்களில் அதே விளக்கு மீண்டும் எரிகிறது. உண்மையில் அந்தக் குறியீடு ரெகுலேட்டர் பழுது என்று எங்கும் சொல்லவில்லை. ரெகுலேட்டரைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றில் தொடர்ச்சி இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். அந்தச் சுற்றில் ரெகுலேட்டர் ஓர் உறுப்பு. பியூஸ், ரிலே, சில மீட்டர் வயர், கனெக்டர்கள், எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி ஆகியவையும் அதே சுற்றின் உறுப்புகளே.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதை உணர, காமன் ரெயில் என்னும் டீசல் அமைப்பைச் சற்று அறிந்திருக்க வேண்டும். பழைய டீசல் எஞ்சின்களில் பம்பே ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய நேரத்தில் டீசலை அழுத்தி அனுப்பியதால், எஞ்சின் மெதுவாக ஓடும்போது அழுத்தமும் குறைந்தே இருந்தது. காமன் ரெயிலில் பம்பின் வேலை அழுத்தத்தை உண்டாக்குவதோடு முடிகிறது. அந்த டீசல் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான, ரெயில் எனப்படும் தடித்த எஃகுக் குழாயில் தேங்கி நிற்க, எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. 1995இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் லாரிகளுக்கு இதைக் கொண்டுவந்தது. பியட் குழுமம் வளர்த்தெடுத்து, பின்னர் பாஷ் நிறுவனத்தின் கைக்குச் சென்று முழுமை பெற்ற வடிவம் 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் சாலைக்கு வந்தது. இந்தியாவில் மாருதி, டாடா, பியட் ஆகிய மூன்று பெயர்களிலும் ஓடிய 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின் இந்த மரபைச் சேர்ந்ததே.

ரெயிலில் உள்ள அழுத்தம் நிலையானதன்று. எஞ்சின் சும்மா ஓடும்போது ஏறத்தாழ 250 முதல் 350 பார் வரை இருப்பது, முழு வேகத்தில் பழைய தலைமுறை அமைப்புகளில் 1,350 பாரையும், அடுத்தவற்றில் 1,600 பாரையும் தொடுகிறது. உலகின் ஆழமான கடற்பகுதியான மரியானா அகழியின் அடித்தளத்தில் நிலவும் நீரழுத்தமே ஏறத்தாழ 1,100 பார்தான். நொடிக்கு நொடி மாறும் தேவைக்கேற்ப இந்த அழுத்தத்தை ஏற்றி இறக்குவதே ரெகுலேட்டரின் பணி. அது இரண்டு இடங்களில் ஒன்றிலோ, சில வண்டிகளில் இரண்டிலுமோ இருக்கும். ரெயிலின் முனையில் இருப்பது மிகுதியான டீசலைத் திரும்பும் குழாய்க்குத் திறந்துவிட்டு அழுத்தத்தைக் குறைக்கிறது. பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பது பம்புக்குள் போகும் டீசலின் அளவையே மட்டுப்படுத்துகிறது. இரண்டும் மின்காந்தச் சுருளால் இயங்கும் வால்வுகள்தான் என்றாலும், மின்சாரம் அறுந்தால் நடந்துகொள்ளும் விதம் வேறு. ரெயிலில் உள்ள வால்வு, மின்னோட்டம் நின்றவுடன் உள்ளிருக்கும் சுருள்வில்லின் வலிமை தாங்கும் அளவுக்கு, அதாவது சுமார் 100 பாருக்கு, அழுத்தத்தை விட்டுவிடுவதால் எஞ்சின் நின்றுபோகிறது அல்லது கிளம்ப மறுக்கிறது. பம்பில் உள்ள வால்வு பல அமைப்புகளில் மின்னோட்டம் இல்லாதபோது முழுதும் திறந்தே கிடக்குமாறு செய்யப்பட்டிருப்பதால், அங்கே அழுத்தம் கட்டுமீறி ஏற, கணினி எஞ்சினின் திறனைக் குறைத்து வண்டியைத் தற்காப்பு நிலைக்குத் தள்ளுகிறது அல்லது எஞ்சினையே நிறுத்துகிறது. ஆகவே ஒரே குறியீடு ஒரு வண்டியில் கிளம்பாமையாகவும் இன்னொன்றில் இழுவைக் குறைவாகவும் வெளிப்படுவதில் வியப்பில்லை. (பழைய பெட்ரோல் கார்களில் சுமார் 3 பார் அழுத்தத்தில் வேலை செய்த ரெகுலேட்டர், வயரே இல்லாத வெறும் வில்லும் சவ்வுமாக இருந்ததால், இந்தத் தொல்லைக்கு அங்கே இடமில்லை.)

மின்சுற்று பார்வைக்கு எளியது. ரெகுலேட்டருக்குப் பெரும்பாலும் இரண்டே வயர்கள். ஒன்றில், சாவியைத் திருப்பியதும், பிரதான ரிலேயும் பியூசும் வழியாக 12 வோல்ட் வந்து நிற்கிறது. மற்றொன்று கணினிக்குச் செல்கிறது. கணினிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் இந்த இரண்டாம் வயரை நொடிக்குச் சில நூறு முதல் ஆயிரம் தடவை வரை எர்த்தோடு இணைத்தும் துண்டித்தும் வர, இணைந்திருக்கும் நேரத்தின் விகிதத்தைப் பொறுத்துச் சுருளில் பாயும் சராசரி மின்னோட்டம் அமைகிறது. இதே டிரான்சிஸ்டர் சுற்றின் காவலாளியாகவும் இருப்பது பலர் அறியாதது. அது துண்டித்திருக்கும் கணத்தில், சுருள் வழியாக வரும் 12 வோல்ட் கணினியின் முனையில் தெரிய வேண்டும். அந்த மின்னழுத்தமும் இல்லாமல், எர்த்தும் இல்லாமல், கணினி தானே சோதனைக்கென வைத்திருக்கும் சில வோல்ட் மட்டும் மிதந்து நின்றால் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது, அது பி0090. சுழியம் வோல்ட் தெரிந்தால் வயர் எர்த்தைத் தொட்டுவிட்டது, அது பி0091. எர்த்தோடு இணைத்த பின்னும் மின்னழுத்தம் இறங்காமல் மின்னோட்டம் எல்லை மீறினால் வயர் பேட்டரி மின்சாரத்தோடு ஷார்ட் ஆகியிருக்கிறது, அது பி0092.

இவற்றுக்கு முந்தைய எண்களான பி0087, பி0088, பி0089 ஆகியவை முறையே ரெயில் அழுத்தம் மிகக் குறைவு, மிக அதிகம், ரெகுலேட்டரின் செயல்திறன் சரியில்லை என்று பொருள்படும். அவை டீசலைப் பற்றிய முறையீடுகள், மின்சாரத்தைப் பற்றியவை அல்ல. பி0190 தொடங்கும் வரிசையோ அழுத்தத்தை அளக்கும் சென்சாரைப் பற்றியது. இந்த எல்லைகளைக் குழப்பிக்கொள்வதே தேவையற்ற செலவின் ஊற்று.

ஆகவே ஆய்வு மீட்டரைக் கையில் எடுக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. குறியீடு பதிவான கணத்தில் எஞ்சினின் வேகம், வெப்பநிலை, பேட்டரி மின்னழுத்தம் ஆகியவற்றைக் கணினி சேர்த்தே பதிவுசெய்து வைத்திருக்கும். குறியீட்டை அழித்தால் அந்தப் பதிவும் அழிந்துபோவதால், முதலில் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். உடன் வந்த குறியீடுகளும் பேசக்கூடியவை. அதே பியூசிலிருந்து மின்சாரம் பெறும் மற்ற வால்வுகளின் குறியீடுகளும் ஒருசேரத் தோன்றினால், ரெகுலேட்டரைத் தொடவே வேண்டாம். பியூசையோ ரிலேயையோ பார்த்தால் போதும். அண்மையில் கிளட்ச் வேலையோ பம்பு வேலையோ நடந்ததா, வண்டி பல வாரம் நிறுத்தப்பட்டு எலி புகுந்ததா என்ற கேள்விகளுக்கு உரிமையாளர் சொல்லும் விடை, ஒரு மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தக்கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்தி டீசல் வருகிறதா என்று பார்க்கும் பழைய டீசல் எஞ்சின் காலத்துப் பழக்கம், காமன் ரெயிலில் உயிருக்கே உலை வைக்கும். ஊசிமுனைக் கசிவிலிருந்து சீறும் டீசல் தோலைத் துளைத்துத் தசைக்குள் புகுந்துவிடும்; வெளியே சிறு புள்ளி போலத் தெரியும் அந்தக் காயத்துக்கு உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும். மின்சுற்றைச் சோதிக்க எந்தக் குழாயையும் கழற்றத் தேவையே இல்லை.

முதல் அளவீடு மின்வரவைப் பற்றியது. ரெகுலேட்டரின் கனெக்டரைக் கழற்றி, சாவியைத் திருப்பி, மின்வரவு வயரில் பேட்டரிக்கு நிகரான மின்னழுத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டுவதோடு மனநிறைவு அடைவது தவறு. மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுப்பதால், வயருக்குள் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். அந்த வயருக்கும் எர்த்துக்கும் இடையே இண்டிகேட்டரில் பயன்படும் 21 வாட் பல்பை இணைத்தால், அது சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும்; அப்போதும் மின்னழுத்தம் சரியாமல் பல்பு பளிச்சென்று எரிந்தால்தான் மின்வரவு நலமாக இருக்கிறது.

அடுத்தது சுருளின் மின்தடை. பெரும்பாலான ரெகுலேட்டர்களில் இது சில ஓம்கள் மட்டுமே. உரிய அளவை அந்த வண்டியின் கையேட்டில் பார்க்க வேண்டும். மீட்டர் முடிவிலியைக் காட்டினால் சுருள் அறுந்தது உறுதியாகி, மாற்றுவதில் ஐயமில்லை. ஆனால் குளிர்ந்த நிலையில் எடுத்த ஓர் அளவோடு சோதனையை முடித்துவிடக் கூடாது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு ஏறத்தாழ 0.4 கூடுவதால், 20 டிகிரியில் 3 ஓம் இருந்த சுருள் 100 டிகிரியில் ஏறக்குறைய 4 ஓம் ஆவது இயல்பே. சூட்டில் விரிந்து அறுபட்டு, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும் சுருள்களும் உண்டு என்பதால், வண்டி சூடேறிய பிறகே நின்றுபோகிறது என்ற முறையீடு இருந்தால், சூட்டோடு அளப்பதே பயன் தரும்.

மிகுந்த பொறுமை கோருவது கணினிக்குச் செல்லும் கட்டுப்பாட்டு வயர். பேட்டரியைக் கழற்றி, கணினியின் கனெக்டரையும் பிரித்து, இரு முனையும் தனித்துவிட்ட வயரை எர்த்தோடும் மின்வரவோடும் ஒட்டியிருக்கிறதா என்று சோதித்த பின், அதன் வழியாகவும் பல்பை எரியவைத்துப் பார்க்க வேண்டும். கனெக்டரின் ஊசிகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் அது கூட்டும் 2 ஓம் அற்பமாகத் தோன்றலாம். 3 ஓம் சுருளில் 1.5 ஆம்பியர் பாயச் சராசரியாக 4.5 வோல்ட் போதும் என்றால், களிம்போடு சேர்ந்து 7.5 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் சுற்றில் கணினி இணைத்து வைக்கும் நேரம் நூற்றுக்கு 38இலிருந்து 63க்குத் தாவுகிறது. சுற்று இன்னும் அறாததால் பி0090 வராமல், அழுத்தம் சொன்னபடி கேட்கவில்லை என்று பி0089 வரவும் கூடும். டீசல் குறியீடு என்று மேலே சொல்லப்பட்டது மின்சுற்றின் கோளாறாலும் எழலாம் என்பதால், குறியீட்டின் பெயரை மட்டும் நம்பிப் பொருளை மாற்றுவது எந்தப் பக்கமும் பாதுகாப்பன்று.

வந்து வந்து மறையும் பழுதுகளுக்கு, எஞ்சின் ஓடும்போதே வயர்க்கற்றையை அங்கங்கே மெல்ல அசைத்து, ஸ்கேனரில் அழுத்த அளவு துள்ளுகிறதா என்று கவனிப்பதே பழைய முறையானாலும் சிறந்த முறை. வயர்க்கற்றை எஞ்சினிலிருந்து வண்டியின் உடலுக்குத் தாவும் இடம், தாங்கியின் கூர்விளிம்பில் உரசும் இடம், பழைய ரிப்பேரின் டேப் சுற்றிய இடம் ஆகியவையே முதலில் சந்தேகிக்கத்தக்கவை. ஆஸிலோஸ்கோப் இருக்கும் பட்டறையில் கட்டுப்பாட்டு வயரின் அலைவடிவத்தைத் திரையில் பார்த்தால், இணைப்பும் துண்டிப்பும் சீரான சதுரங்களாகத் தெரிய வேண்டும்; சராசரியை மட்டும் காட்டும் மல்டிமீட்டரால் இதைக் காண இயலாது. சோதிக்கும் கையே பழுதை உண்டாக்குவதும் உண்டு: தடித்த மீட்டர் முனையைக் கனெக்டரின் பெண் ஊசிக்குள் திணித்தால் அது விரிந்துபோய், நேற்றுவரை இல்லாத தளர்ச்சி இன்று பிறக்கும்.

மின்வரவு, சுருள், வயர்கள், கனெக்டர்கள் அனைத்தும் பல்புச் சோதனையில் தேறிய பிறகே கணினியைச் சந்தேகிக்கலாம். அப்போதும், எர்த்தைத் தொட்ட வயரைச் சரிசெய்யாமல் புதிய கணினியைப் பொருத்துவதில் பயனில்லை. மின்வரவோடு ஷார்ட் ஆன வயராக இருந்தாலோ புதிய கணினியின் டிரான்சிஸ்டரும் வீணாகக்கூடும்.

பழுது வயரில் இருந்தால் அதற்குரிய தரமான ஊசியும் நீர்புகாத உறையும் இட்டுச் சீர்செய்ய வேண்டும். முறுக்கிவிட்டு டேப் சுற்றிய இணைப்பு எஞ்சின் அறையின் சூட்டிலும் அதிர்விலும் நீடிப்பதில்லை. ரெகுலேட்டரையே மாற்றிய இடத்தில், புதிய வால்வின் இயல்பைக் கணினிக்குப் பழக்கும் செயல்முறை சில வண்டிகளில் ஸ்கேனர் வழியாகச் செய்யப்பட வேண்டும். குறியீட்டை அழித்தபின் கணினி கேட்கும் அழுத்தத்தையும் சென்சார் காட்டும் அழுத்தத்தையும் ஒரே திரையில் வைத்து, சும்மா ஓடும் நிலையிலும், ஏற்றத்தில் முழு இழுவையிலும், எஞ்சின் நன்கு சூடான பிறகும் ஒப்பிட வேண்டும். மூன்று நிலையிலும் இரண்டு கோடுகளும் ஒட்டியே சென்றால் வண்டியை உரிமையாளரிடம் ஒப்படைக்கலாம்.