சாகக் கிடப்பவனும் இமாம் கஸ்ஸாலியும்

"நல்லது கெட்டது எல்லாம் அவரவர் மனசப் பொறுத்தது, அப்ப ஏன் நல்லவனா நடக்கோணும்?" எங்கட புல்மோட்டையிலும் படித்த பிள்ளைகள் இப்படிக் கேட்கிறார்கள். பழைய கேள்விதான்.

நன்மை செயலிலேயே இருக்கிறது, அறிவு அதைக் கண்டுகொள்ளும் என்றனர் முஃதஸிலாக்கள். மார்க்கமே அறியாதவன், யாரும் பார்க்காத இடத்தில், கூலி எதிர்பாராமல், சாகக் கிடப்பவனைக் காப்பாற்றுகிறானே என்று சான்றும் காட்டினர்.

ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) வபாத்தான இமாம் கஸ்ஸாலி அஷ்அரி வழியினர். ஷரீஅத் சொல்லுமுன் எந்தச் செயலும் தன்னளவில் நன்மையுமில்லை, தீமையுமில்லை என்பவர். ஆனாலும் அந்த மனிதன் ஏன் உதவுகிறான் என்பதை அழகாக விளக்குகிறார். அவன் சாகக் கிடப்பவனின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கிறான். தன்னை விட்டுட்டுப் போகிறவனை வெறுக்கிறான். அந்த வெறுப்பு இப்போது தன்மீதே விழுவதைத் தாங்க முடியாமல் கைகொடுக்கிறான்.

2024 டிசம்பர் 19இல், நமக்கு வடக்கே முள்ளிவாய்க்கால் கடலில், நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியாக்களோடு வந்த படகை மீனவர்கள் கண்டார்கள். ஊர்ச்சனம் சாப்பாடும் தண்ணியும் கொடுத்தது. மொழி வேறு, மார்க்கம் வேறு. ஆனால் 2009இல் அதே கரையில் செல்லடியும் பட்டினியும் கண்ட சனம் அது.

மனசைப் பொறுத்தது என்றால் நம் இஷ்டப்படி என்று அர்த்தமில்லை. பசியும் எனக்குள்ளதான் இருக்கு, வேணாமென்றால் போயிடுமா?

ஆனால் இந்த இரக்கம் முகம் தெரிந்த இடம்வரைதான் போகும். டைனமைட் அடித்து மீன் பிடிக்கிறவனுக்கு, பத்து வருசம் கழித்து வெறும் வலையை இழுக்கப்போகும் பிள்ளையின் முகம் தெரியாது. கஸ்ஸாலி கடமையை இரக்கத்தில் வைக்காமல் வஹியில் வைத்தது அதனால்தான் சரியென்று எனக்குப் படுகிறது.