அண்ணன் மீது வாளை உருவிய அர்ச்சுனன்!

குருட்சேத்திரப் போரின் 17-வது நாள்.

பாண்டவர் பாசறையில் அர்ச்சுனன் வாளை உருவிக்கொண்டு நிற்கிறான். அவன் கண்கள் சிவந்திருக்கின்றன. எதிரே இருப்பவர் பகைவர் அல்ல. அவனுடைய சொந்த அண்ணன் தருமர்!

"நான் ஒரு சபதம் செய்திருக்கிறேன். சபதத்தைக் காப்பாற்றுவது என் கடமை. ஆகவே அண்ணனைக் கொல்லப் போகிறேன்" என்கிறான் அர்ச்சுனன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது தர்மம். அண்ணனைத் தந்தை போல மதிப்பதும் தர்மம். இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதினால் எதைச் செய்வது?

இந்தச் சங்கடம் அர்ச்சுனனுக்கு மட்டும் வந்தது அல்ல. நம் வீடுகளிலும் வருகிறது. தாய் ஒன்று சொல்லுகிறாள். மனைவி வேறொன்று சொல்லுகிறாள். தகப்பனார் படுக்கையில் கிடக்கிறார்; வேலையோ வெளியூரில் இருக்கிறது. நண்பன் தப்பு செய்து விட்டான். அதைச் சொல்லுவதா, மறைப்பதா?

நல்லதும் கெட்டதும் எதிர் எதிரே நின்றால் தேர்ந்தெடுப்பது சுலபம். இரண்டு நல்லவைகள் எதிர் எதிரே நின்றால்தான் மனிதன் திண்டாடிப் போகிறான்.

இதற்கு மகாபாரதம் என்ன வழி சொல்லுகிறது?

சபதம் வந்த கதை

அன்று காலையில் இருந்து கர்ணனுடைய கை ஓங்கி இருந்தது. அவனுடைய அம்புகளால் தருமர் பலத்த காயம் அடைந்தார். வலி தாங்க முடியாமல் பாசறைக்குத் திரும்பி விட்டார்.

போர்க்களத்தில் அண்ணனைக் காணாமல் அர்ச்சுனன் தவித்தான். போரைப் பீமனிடம் ஒப்படைத்து விட்டு, கண்ணனோடு பாசறைக்கு ஓடி வந்தான்.

தம்பி வந்ததைப் பார்த்ததும் தருமர், "கர்ணனைக் கொன்று விட்டுத்தான் வந்திருக்கிறான்" என்று நினைத்துக்கொண்டார். மகிழ்ச்சியோடு பாராட்டினார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. கர்ணன் இன்னும் உயிரோடு இருக்கிறான்!

காயத்தின் வலி ஒரு பக்கம். ஏமாற்றம் ஒரு பக்கம். பொறுமைக்குப் பெயர் பெற்ற தருமர் அன்று பொறுமை இழந்தார்.

"கர்ணனைக் கண்டு பயந்து ஓடி வந்து விட்டாயா? உனக்கு எதற்கு இந்தக் காண்டீவ வில்? அதை வேறு யாரிடமாவது கொடுத்து விடு!" என்று சீறினார்.

அந்தச் சொல்தான் வினையாக முடிந்தது.

"காண்டீவத்தை வேறொருவனிடம் கொடு என்று எவன் சொன்னாலும் அவன் தலையைச் சீவுவேன்" என்று அர்ச்சுனன் முன்பே மனதுக்குள் சபதம் செய்திருந்தான். அதைச் சொன்னவர் அண்ணனாகவே இருக்கிறார். வாள் உறையை விட்டு வெளியே வந்து விட்டது.

கண்ணன் கேட்ட கேள்வி

"இங்கே உன்னோடு சண்டை போட யாரும் இல்லையே! எதற்காக வாளை எடுத்தாய்?" என்று கேட்டான் கண்ணன்.

அர்ச்சுனன் சபதத்தைச் சொன்னான்.

கண்ணன் கோபித்துக்கொண்டான். "நீ பெரியவர்களிடம் இருந்து கற்றுக்கொண்டது இவ்வளவுதானா? சிறு பிள்ளையாக இருந்தபோது யோசிக்காமல் ஒரு சபதம் செய்தாய். இப்பொழுது யோசிக்காமல் அதை நிறைவேற்றப் பார்க்கிறாய்" என்று கடிந்து பேசினான். பிறகு ஒரு கதை சொன்னான்.

கௌசிகன் என்று ஒரு தவசி. "எப்பொழுதும் உண்மையே பேசுவேன்" என்பது அவனுடைய விரதம். ஊரெல்லாம் அவனைச் சத்தியவான் என்று புகழ்ந்தது.

ஒரு நாள் கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து சிலர் ஓடி வந்தார்கள். பக்கத்துக் காட்டில் ஒளிந்துகொண்டார்கள். சிறிது நேரத்தில் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். "அவர்கள் எங்கே போனார்கள்? நீர் பொய் சொல்ல மாட்டீர் என்று தெரியும். சொல்லும்" என்று கேட்டார்கள்.

கௌசிகன் உண்மையைச் சொன்னான். "அதோ, மரமும் கொடியும் அடர்ந்த அந்தக் காட்டுக்குள் போனார்கள்" என்று கையைக் காட்டினான்.

கொள்ளைக்காரர்கள் உள்ளே போய் அத்தனை பேரையும் கொன்று விட்டார்கள்.

உண்மை பேசிய கௌசிகனுக்கு என்ன கிடைத்தது? நரகம்!

"உண்மையை விடச் சிறந்தது எதுவும் இல்லை. ஆனால் அப்பாவிகளின் உயிரைக் குடிக்கும் சொல் உண்மையாக இருந்தாலும் அது தர்மம் ஆகாது. அப்படிப்பட்ட நேரத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூடிக்கொள்ள முடியாவிட்டால் மாற்றிச் சொன்னாலும் பாவம் இல்லை. தர்மம் என்றால் உயிர்களைத் தாங்குவது. எது தாங்குகிறதோ அதுதான் தர்மம்" என்று கண்ணன் விளக்கினான்.

இது சொந்த லாபத்துக்காகப் பொய் சொல்லுகிறவர்களுக்குக் கொடுத்த அனுமதி அல்ல. பிறர் உயிரைக் காப்பதற்காகச் சொன்ன வார்த்தை.

"நீ" என்று சொன்னாலே போதும்!

"அண்ணனைக் கொல்ல மாட்டேன். ஆனால் என் சபதம் என்ன ஆவது?" என்று கேட்டான் அர்ச்சுனன்.

கண்ணன் ஒரு வழி சொன்னான். "மதிக்க வேண்டிய பெரியவரை 'நீ' என்று அழைத்து அவமதித்தால், அது அவரைக் கொன்றதற்குச் சமம். அண்ணனை அப்படிப் பேசு. சபதம் நிறைவேறி விடும். அவர் உயிரும் இருக்கும்."

நம் வீட்டுப் பெரியவரை ஒருமையில் பேசினால் அவர் எப்படித் துடித்துப் போவார்! அந்த வலி மகாபாரதத்திலேயே இருக்கிறது.

அர்ச்சுனன் அண்ணனை "நீ" என்று அழைத்தான். கடுமையாகப் பேசினான். பேசி முடித்ததும் வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. மீண்டும் வாளை உருவினான். இந்தத் தடவை தன்னையே கொன்றுகொள்ள!

"தற்புகழ்ச்சி தற்கொலைக்குச் சமம். உன்னை நீயே புகழ்ந்து கொள். அது போதும்" என்றான் கண்ணன். அர்ச்சுனன் தன் பெருமையைத் தானே பேசினான். பிறகு தலை குனிந்து அண்ணன் காலில் விழுந்தான்.

தருமரோ மனம் உடைந்து எழுந்தார். "நான் உங்களுக்குப் பாரமாக இருக்கிறேன். காட்டுக்குப் போகிறேன். பீமன் அரசனாக இருக்கட்டும்" என்று கிளம்பினார். கண்ணன் அவர் காலில் விழுந்து சமாதானம் செய்தான். கடைசியில் அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் தழுவிக்கொண்டு அழுதார்கள்.

அன்று மாலைக்குள் கர்ணன் போர்க்களத்தில் வீழ்ந்தான்.

அன்று "போர் செய்", இன்று "வாளைப் போடு"

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

போரின் முதல் நாள் இதே அர்ச்சுனன் வில்லைக் கீழே போட்டு விட்டான். "சொந்தக்காரர்களைக் கொல்ல மாட்டேன்" என்றான். அப்பொழுது கண்ணன், "எழுந்து போர் செய்" என்றான். அந்த உபதேசம்தான் 18 அத்தியாயங்கள் கொண்ட பகவத் கீதை.

17-வது நாளோ, "வாளை உறையில் போடு" என்கிறான்.

ஆள் ஒருவன்தான். குருவும் ஒருவன்தான். பதில் மட்டும் எப்படி மாறியது?

முதல் நாள் அர்ச்சுனனை நம்பி ஒரு சேனையே நின்றது. ஒப்புக்கொண்ட பொறுப்பை அவன் உதறி விட்டுப் போகப் பார்த்தான். 17-வது நாள் அவனுடைய சபதத்தால் யாருக்கும் நன்மை இல்லை. அவனுடைய சொந்த வீம்பு ஒன்றுதான் அதில் வாழும், குடும்பம் அழியும்.

ஆகவே, "நான் விதியைக் காப்பாற்றினேனா?" என்று கேட்பதோடு நின்று விடக் கூடாது. "நான் செய்யப் போவது யாரைத் தாங்கும், யாரைத் தள்ளும்?" என்றும் கேட்க வேண்டும்.

நான்கு வழிகள்

தர்மத்தை அறிய நான்கு வழிகள் உண்டு என்று மநுவின் நூல் சொல்லுகிறது. வேதம் முதலாவது. தர்ம நூல்கள் இரண்டாவது. நல்லவர்களின் நடத்தை மூன்றாவது. நம்முடைய மனச்சாட்சி ஒப்புவது நான்காவது.

அந்த நூலில் பிறப்பைப் பார்த்துக் கடமையைப் பிரித்த பகுதிகளும் இருக்கின்றன. அவற்றைப் பல பெரியோர்கள் எதிர்த்தார்கள். 1950-ம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டம் எல்லோரும் சமம் என்று சொல்லி விட்டது.

ஆனாலும் நான்கு வழிகளில் கடைசி இரண்டும் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் கை கொடுக்கும். ஊரில் நல்லவர் என்று பெயர் எடுத்தவர் இந்த இடத்தில் என்ன செய்வார் என்று பார்க்கலாம். பிறகு நம் மனதைக் கேட்கலாம். மனதுக்குப் பிடித்தது வேறு. மனச்சாட்சி ஒப்புவது வேறு என்பதை மட்டும் மறந்து விடக் கூடாது.

தாமதம் காப்பாற்றிய தாய்

அவசரமும் தர்மத்துக்கு ஒரு பகை. போர் முடிந்த பிறகு அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர், இதற்காகவே தருமருக்கு ஒரு கதை சொன்னார்.

கௌதம முனிவருக்கு சிரகாரி என்று ஒரு மகன். "சிரகாரி" என்றால் நிதானமாகச் செய்கிறவன் என்று பொருள். எதையும் நெடுநேரம் யோசித்துத்தான் செய்வான். "சோம்பேறி, மந்த புத்தி" என்று பலரும் அவனைக் கேலி செய்தார்கள்.

ஒரு நாள் கௌதமருக்கு மனைவி மீது பயங்கரக் கோபம். மகனைக் கூப்பிட்டு, "உன் தாயைக் கொன்று விடு" என்று உத்தரவு போட்டார். போட்டு விட்டுக் காட்டுக்குப் போய் விட்டார்.

சிரகாரி ஆயுதத்தைக் கையில் எடுத்தான். யோசித்தான். "தகப்பன் சொல்லைத் தட்டுவது பாவம். தாயைக் கொல்லுவது அதை விடப் பாவம். தாய் இருக்கும் வரை எவ்வளவு வயதானவனும் அநாதை இல்லை. அவளை நான் எப்படிக் கொல்லுவேன்?" யோசித்துக்கொண்டே இருந்தான். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

காட்டில் கௌதமருக்குக் கோபம் தணிந்தது. "ஐயோ! குற்றம் இல்லாதவளைக் கொல்லச் சொல்லி விட்டேனே! மகனே, உன் பெயருக்கு ஏற்றபடி இன்றைக்காவது தாமதம் செய்திருக்க மாட்டாயா?" என்று அழுதுகொண்டே ஓடி வந்தார்.

வீட்டில் மனைவி உயிரோடு நின்றாள். மகன் ஆயுதத்தைக் கீழே போட்டு விட்டுக் காலில் விழுந்தான். தகப்பனார் அவனை வாரி அணைத்துக்கொண்டார்.

நல்ல காரியத்தை நாளைக்கு என்று தள்ளிப் போடக் கூடாது. ஆனால் கோபத்தில் வரும் காரியத்தைத் தள்ளிப் போடுவதே புண்ணியம்.

ஒரே வீட்டில் இரண்டு தம்பிகள்

எல்லோருக்கும் ஒரே விடைதானா? "இல்லை" என்று காட்டுகிறது கம்பராமாயணம்.

இராவணன் சீதையைச் சிறை வைத்தான். தம்பிகள் விபீஷணனும் கும்பகர்ணனும், "இது தப்பு" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவன் கேட்கவில்லை.

விபீஷணன், "அண்ணன் என்பதற்காக அநியாயத்துக்குத் துணை போக மாட்டேன்" என்று இராமனிடம் போய் விட்டான்.

கும்பகர்ணனோ செஞ்சோற்றுக் கடனை நினைத்தான். "இத்தனை நாள் என்னை வளர்த்தவன் அவன். ஆபத்தில் விட்டுப் போக மாட்டேன்" என்று நின்றான். போர்க்களத்தில் விபீஷணன் வந்து அழைத்தபோதும் மறுத்து விட்டான். "நீ இராமனிடமே இரு. நாங்கள் இறந்த பிறகு எங்களுக்கு நீர்க்கடன் செய்ய நீ ஒருவனாவது மிஞ்ச வேண்டும்" என்று தம்பியைத் திருப்பி அனுப்பினான். பிறகு சாவைத் தேடிப் போனான்.

இருவரில் விபீஷணன் செய்ததே சரி என்பார்கள் சிலர். கும்பகர்ணனுக்காகக் கண்ணீர் விடுவார்கள் சிலர். ஆனால் இருவரிடமும் பொதுவாக இரண்டு குணங்கள் இருந்தன. அண்ணன் செய்தது தப்பு என்பதை இருவரும் மறைக்கவில்லை. தாங்கள் தேர்ந்தெடுத்த வழிக்கு உள்ள விலையை இருவரும் தாங்களே கொடுத்தார்கள். ஒருவன் பிறந்த வீட்டை இழந்தான். ஒருவன் உயிரை இழந்தான்.

நம் வீட்டில்

இந்தக் கதைகளைச் சேர்த்துப் பார்த்தால் சில கேள்விகள் கிடைக்கின்றன.

நான் செய்யப் போவதால் யார் அழுவார்கள்? இது கடமையா, என் வீம்பா? இன்றைக்கே முடிவு செய்ய வேண்டுமா, ஒரு இரவு பொறுக்கலாமா? என்னைக் கண்டிக்கக் கூடிய ஒருவரிடம் யோசனை கேட்டேனா? இதன் கஷ்டத்தை நானே சுமக்கத் தயாரா, வேறு ஒருவர் தலையில் கட்டப் பார்க்கிறேனா?

தகப்பனார் படுக்கையில் கிடக்கும்போது வெளியூர் வேலைக்குப் போகலாமா என்று தவிக்கிற மகனுக்கு எந்த நூலும் நேராக விடை சொல்லாது. வேலையை விட்டால் மருந்துக்குப் பணம் இல்லை. போனால் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. இந்தக் கேள்விகளை அவன் கேட்டுப் பார்த்தால், "போவதா, இருப்பதா" என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று கண்ணில் படலாம். தங்கை வந்து சில மாதம் இருக்கலாம். தகப்பனாரையே கூட அழைத்துப் போகலாம். அவரையே கேட்டும் பார்க்கலாம். பல வீடுகளில் அதைத்தான் யாரும் செய்வதில்லை.

அர்ச்சுனனுக்கும், "அண்ணனைக் கொல்லு, அல்லது சபதத்தை விடு" என்று இரண்டே வழிகள்தான் தெரிந்தன. மூன்றாவது வழி இருந்தது. அதைக் காட்டப் பக்கத்தில் ஒரு கண்ணன் இருந்தான்.

அவன் சொன்னதைக் கேட்கும் வரையில் வாளை வீசாமல் நிறுத்தி வைத்தானே, அதனால்தான் தருமர் பிழைத்தார்.