எரேமியா வாங்கிய காணி



2007ஆம் ஆண்டு மார்ச் மாதம். படுவான்கரையில் ஷெல் விழத் தொடங்கியதும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்து சேர்ந்தன. முன்மாரி வேளாண்மை அறுவடைக்கு நின்ற காலம் அது. நான் அப்போது குருமாணவன். முகாமொன்றில் நிவாரண வரிசையில் நின்ற ஒரு தாய் என்னை மறித்துக் கேட்டார்: "அறுக்கிற வேளாண்மைய விட்டுப்போட்டு வந்திருக்கம். மாடும் அங்கதான் நிக்குது. ஆண்டவர் ஆளுறார் எண்டு சொல்றீங்களே பிரதர், எதை ஆளுறார்?"

"எல்லாம் ஆண்டவர் சித்தம் அம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது பிழையான பதில் என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். அந்தத் தாய்க்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எல்லாமே அவர் சித்தமா?

எமது மாவட்டம் பலவற்றைக் கண்டது. 1978 நவம்பர் 23இல் சூறாவளி. 2004 டிசம்பர் 26இல் சுனாமி. 2011இன் தொடக்கத்தில் வயல்களை மூடிய பெருவெள்ளம். இவற்றுக்கு இடையில் பல வருட யுத்தம். புயலும் வெள்ளமும் ஒரு வகை. சுடுவதும் கடத்துவதும் குடிமனைகளை எரிப்பதும் வேறு வகை. பின்னவை மனிதர் தீர்மானித்துச் செய்தவை. இவற்றையும் இறைவன் தலையில் போட்டுவிட்டால், செய்தவர் தப்பிவிடுகிறார், பாதிக்கப்பட்டவரோ, "நான் என்ன பாவம் செய்தேன்?" என்று தன்னையே வதைத்துக்கொள்கிறார்.

சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றி இயேசு பேசியபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்றே தெளிவுபடுத்தினார். துன்பம் தண்டனைச் சீட்டு அல்ல. பக்தி பாதுகாப்புச் சீட்டும் அல்ல. மட்டக்களப்பில் அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 ஜூன் 6இல் சுட்டுக் கொல்லப்பட்டார். புனித மிக்கேல் கல்லூரி மாணவருக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றுவித்த இயேசு சபைத் துறவி அருட்தந்தை யூஜின் ஹெபர்ட், 1990 ஆகஸ்ட் 15இல் காணாமற்போனார். அவருடன் சென்ற தமிழ் இளைஞரும் திரும்பவில்லை. இவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று எவர் சொல்லுவார்?

திருச்சபையின் போதனை இதுதான்: இறைவன் தீமையை விரும்புவதில்லை. மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்தவர், அதனைத் திரும்பப் பறிப்பதில்லை. ஆனால் எந்தத் தீமைக்கும் கடைசிச் சொல்லை அவர் விட்டுக்கொடுப்பதும் இல்லை. இறைவன் ஆளுகிறார் என்பதன் பொருள் அதுவே.

முற்றுகைக்குள் ஒரு காணி உறுதி

இதனை விளங்கிக்கொள்ள இறைவாக்கினர் எரேமியா நூலின் 32ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். எருசலேமைப் பாபிலோனியப் படை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழப்போகிறது என்ற உண்மையைச் சொன்னதற்காக எரேமியா காவலில் வைக்கப்பட்டிருக்கிறார். அந்நேரத்தில் அவருடைய சிற்றப்பன் மகன் அனமேல் வந்து, சொந்த ஊரான அனத்தோத்திலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். எதிரிப் படை சூழ்ந்த நாட்டில் காணி வாங்குவது பைத்தியக்கார வேலை. எரேமியா வாங்கினார். 17 வெள்ளிக் காசை நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகளை வைத்து உறுதி எழுதினார். அது நெடுங்காலம் பழுதாகாமல் இருக்க மண்பானையில் போட்டு வைக்கும்படி பாரூக்கிடம் கொடுத்தார். இந்த நாட்டில் மறுபடியும் வயல்கள் வாங்கப்படும் என்பதே இறைவன் அவருக்குக் கொடுத்த வாக்கு.

இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, காணியை வாங்கிய பின்னரும் எரேமியாவுக்குக் குழப்பம் தீரவில்லை. "நகரம் போகப்போகிறது, நீர் காணி வாங்கச் சொல்கிறீரே" என்ற பொருளில் இறைவனிடமே கேட்டார். கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு அல்ல. இரண்டாவது, அந்த வயலை அவர் உழுததாக விவிலியம் எங்கும் சொல்லவில்லை. அவர் எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். நாடு கடத்தப்பட்டோர் திரும்பத் தொடங்கியதோ ஏறத்தாழ 50 வருடங்களுக்குப் பின்னர். இறைவன் வாக்குத் தவறவில்லை. ஆனால் அது எரேமியாவின் கணக்குப்படி நடக்கவில்லை. உங்களில் ஊருக்குத் திரும்பியவர்கள் உண்டு. இன்னும் சொந்தக் காணியில் கால் வைக்காதவர்களும் உண்டு. இருவருக்கும் உரியது இந்த அதிகாரம்.

எங்கள் மண்பானை

நம்பிக்கை என்பது கைகட்டியிருப்பது அல்ல. எரேமியா செபித்ததோடு உறுதியையும் பத்திரப்படுத்தினார். நாமும் செய்யக்கூடியவை உண்டு.

ஒன்று: உறுதி, அனுமதிப்பத்திரம், அளிப்புப் பத்திரம், பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் பிரதிகளை நீர் புகாத உறையிலிட்டு, மூலப் பத்திரங்களிலிருந்து வேறாக, நம்பிக்கையான இன்னோர் இடத்தில் வையுங்கள். தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்திலோ பிரதேச செயலகத்திலோ விசாரியுங்கள்.

இரண்டு: அரச அனுமதிப்பத்திரக் காணியாயின் பின்னுரித்தாளரைப் பதிவு செய்யுங்கள். அதைச் செய்யாமல் கண்மூடினால் சகோதரர்களுக்குள் வழக்குத்தான் மிஞ்சும்.

மூன்று: உறுதிக் காணியில் பிறர் 10 வருடம் தடையின்றி இருந்தால் ஆட்சியுரிமை கோரச் சட்டத்தில் இடமுண்டு. யுத்தத்தால் காணியை இழந்தோருக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. எனினும் வழக்கிடுவதற்கு அதிலும் காலவரையறை இருந்தது. ஆகவே "பார்ப்போம்" என்று இருக்காமல் சட்ட உதவியை நாடுங்கள்.

நான்கு: இருக்கும் இடத்தில் விதையுங்கள். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு, அங்கேயே தோட்டம் வைத்து அதன் பலனை உண்ணுமாறு எரேமியா கடிதம் எழுதினார். வாடகை வளவில் நான்கு கத்தரி வைப்பது ஊரை மறப்பதாகாது.

முகத்துவாரம்

எமது வாவி 56 கிலோமீற்றர் நீளமானது. கடல் அலை மணலை ஒதுக்கி முகத்துவாரத்தை அடைக்கும். மாரியில் வெள்ளம் ஏறும்போது அந்த மணல் திட்டை வெட்டிவிடுவார்கள். காலத்துக்கு முந்தி வெட்டினால் உவர்நீர் ஏறும். பிந்தினால் வேளாண்மை அழுகும். மழையையும் கடலையும் நாம் ஆள்வதில்லை. மண்வெட்டி நம் கையில் இருக்கிறது. எப்போது வெட்டுவது என்று எழுவானும் படுவானும், விவசாயியும் மீனவரும் சேர்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

அந்தத் தாயை நான் பின்னர் காணவில்லை. இன்று கண்டால், "ஆண்டவர் உங்கள் வேளாண்மையை அழிக்கவில்லை அம்மா. அழித்தவர்களுக்கு முடிவான அதிகாரமும் கொடுக்கவில்லை. உங்கள் உறுதி எங்கே இருக்கிறது, வாருங்கள் பார்ப்போம்" என்று சொல்லி, அவரோடு உட்கார்ந்திருப்பேன்.